திருமலையில (திருகோணமலையில) மவுண்டன் பைக் வாங்கலாமோ? வாங்கினா எங்க வைக்கிறது?

கேள்வி, 2024 மே 11

நான் உப்புவெளியில வாடகைக்கு இருக்கிறன், வேலை நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல. மவுண்டன் பைக் ஒண்டு வாங்க யோசிக்கிறன், கையில 60,000 வரைக்கும் இருக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் ஷொக் (குலுக்கம் தாங்கிற ஸ்பிறிங்), டிஸ்க் பிறேக், 21 கியர், டவுனில ஒண்டு பாத்து வச்சிருக்கிறன், பாக்க மோட்டச்சைக்கிள் மாதிரியே இருக்கு. வாங்கலாமா? வீட்டுக்கும் கடலுக்கும் 200 மீற்றர்தான். உள்ள வைக்க இடமில்ல, வெளியில படங்கு மூடி வச்சா காணுமா?

பதில், 2024 மே 11, இரவு

வாங்காதிங்கோ தம்பி.

2024 மே 12

நேற்று ஒரு சொல்லில முடிச்சிட்டன். மனுசி அதை வாசிச்சிட்டு "அந்தப் பிள்ளை ஆசையா கேட்டிருக்கு, இப்பிடியோ பதில் போடுறது" எண்டு ஏச்சு. சரி, விளக்கமா எழுதுறன்.

நான் சைக்கிள் கடைக்காரன் இல்ல. திருக்கடலூர்ப் பக்கம் போட் எஞ்சின் திருத்திற ஆள், 20 வருசத்துக்கு மேல உப்புத் தண்ணியோட சண்டை பிடிக்கிறதுதான் தொழில். சைக்கிள் எண்டா அப்பாவின்ட ரலிச் சைக்கிள்ல பாருக்குள்ளால கால் விட்டு உழக்கிப் பழகினவன், அவ்வளவுதான்.

2022இல பெற்றோல் வரிசையில நிண்டு நிண்டு வெறுத்துப்போய், மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு கியூஆர் பங்கீடு வந்த நேரம், ஊரில இருந்த சனம் முழுக்க சைக்கிள் தேடி அலைஞ்சுது. காலையில ஒரு விலை பின்னேரம் ஒரு விலை சொன்ன காலம். அந்த அவதியில நான் 85,000 குடுத்து நீங்க சொல்ற அதே சாதிச் சைக்கிள் ஒண்டு வாங்கினன், முன்னுக்கும் ஷொக் பின்னுக்கும் ஷொக், சிவப்பும் கறுப்பும், மகள் பாத்திட்டு "அப்பா இது பறக்குமா" எண்டு கேட்டவ. பறக்கேல்ல. மீன் நிறுக்கிற தராசில கொழுவிப் பாத்தன், 18 கிலோ 400. ஒரு நல்ல பாரைமீன் நிறை. கோட்டை வாசலால உள்ள போய் கோணேசர் கோயிலுக்கு ஏறுற அந்த ஏத்தத்தில உழக்கிறன், நான் மிதிக்க மிதிக்க சீற் கீழ போகுது மேல வருது, வேட்டைத் திருவிழாக் குதிரை வாகனம் மாதிரி ஆடுறன், சைக்கிள் மட்டும் முன்னுக்குப் போகேல்ல. காலில இருக்கிற பலத்தில பாதியை ஸ்பிறிங் தின்னுது.

பின் ஷொக் ஒழுங்காச் செய்யிறதெண்டா அதுக்கே பெரிய காசு வேணும். 60,000க்கு வாற சைக்கிள்ல இருக்கிறது ஒரு ஸ்பிறிங்கும் ரெண்டு புஷ்ஷும்தான், அதுக்குப் போன காசை அவன் சில்லிலயும் பிறேக்கிலயும் கியரிலயும் மிச்சம் பிடிச்சிருப்பான். கடையில ஏறி இருந்து முன் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா குதிச்சுப் பாருங்கோ, விளங்கும்.

வாங்கிறதெண்டா இப்பிடி வாங்குங்கோ. பின் ஷொக் இல்லாதது, முன் ஷொக்கும் இல்லாட்டி இன்னும் நல்லம். ரெண்டு அங்குல டயர். றிம்மைப் பிடிக்கிற வி பிறேக். 26 சில்லு, 26 எண்டா 26 தான், எந்தக் கடையிலயும் டயர் கிடைக்கும். கியர் 21 எண்டு பாத்து மயங்காதிங்கோ, திருமலையில அதில ஆறு கியருக்கு மேல ஒருத்தரும் பாவிக்கிறேல்ல.

வைக்கிறதைப் பற்றி பிறகு எழுதுறன், அது பெரிய கதை.

2024 மே 14

"ஷொக் இல்லாட்டி அது மவுண்டன் பைக்கே இல்ல, மலையில ஓடத்தானே செய்தவங்கள்" எண்டு ஒருத்தர் கீழ எழுதியிருக்கிறார். ஐயா, அதைச் செய்தவங்களிட்டயே ஷொக் இருக்கேல்ல. 1970களில கலிபோர்னியாவில தமால்பாய்ஸ் எண்டு ஒரு மலை (பேரைப் பாத்தா எங்கட ஆக்கள் வச்ச மாதிரித்தான் கிடக்கு), அங்க கொஞ்சப் பொடியள் 30, 40 வருசம் பழைய, மொத்த டயர் போட்ட ஷ்வின் சைக்கிள்களை மேல கொண்டுபோய் கிறவல் ரோட்டால கீழ விட்டவங்கள். பெடலைப் பின்னுக்கு மிதிச்சுப் பிடிக்கிற பிறேக், இறங்கி முடியேக்க ஹப்புக்குள்ள (சில்லின்ட நடு அச்சு சுத்துற இடம்) இருக்கிற கிறீஸ் எரிஞ்சு புகையா வரும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழட்டி புதுசா கிறீஸ் அடைக்கவேணும். 1976இல பக்கத்து மலை ரோட்டில போட்டியும் வச்சாங்கள், அதுக்கு வச்ச பேரே "ரீபாக்", திருப்பி அடைக்கிறது. 1977இல ஜோ பிறீஸ் எண்டவர் அதுக்கெண்டே பிறேம் செய்தார். 1981இல ஸ்பெஷலைஸ்ட் கம்பனி ஸ்டம்ப்ஜம்பர் எண்டு கடையில கொண்டுவந்து வித்ததிலயும் ஷொக் இல்ல. ஷொக் கடைக்கு வந்தது 80களின்ட கடைசியில.

அந்த மலையில ஷொக் இல்லாம இறங்கியிருக்கிறாங்கள், எங்களுக்கு நிலாவெளி ரோட்டுக்கு ஷொக் வேணுமாம்.

திருகோணமலையில மலை இருக்குத்தானே எண்டு பகிடி விடுறவருக்கு: இருக்கு. சுவாமி மலை. கோயில் கட்டியாச்சு.

2024 மே 14, பின்னேரம்

மறந்திட்டன், உயரம். தம்பி 5 அடி 5 எண்டு எழுதியிருந்தீங்க. சைக்கிள்ற பாருக்கு மேலால ரெண்டு காலையும் நிலத்தில ஊண்டி நில்லுங்கோ, பாருக்கும் உங்களுக்கும் நடுவில ரெண்டு அங்குலமாவது இடைவெளி வேணும். இல்லாட்டி மணல்ல சில்லு புதையிற நேரம் சடாரெண்டு இறங்கேக்க தெரியும். 16, 17 அங்குல பிறேம் உங்களுக்குச் சரிவரும். சின்னனா இருந்தா சீற்றை உயர்த்தலாம், பெரிசை ஒண்டும் செய்யேலாது.

2024 யூன் 2

ஒரு அவமானத்தை எழுதவேணும்.

மே 12 அண்டு "26 எண்டா 26 தான்" எண்டு பெரிய ஆள் மாதிரி எழுதினனான். அது பிழை, ஆரும் அதைப் பாத்து டயர் வாங்கியிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முந்தநாள் என்ட சைக்கிளுக்குப் பின் டயர் வாங்கப் போனன். கடைப் பொடியன் "26ஓ" எண்டான், "ஓம் 26" எண்டன், தந்தான், கொண்டுவந்து மாட்டுறன், டயர் றிம்மில நிக்கேல்ல. மெலிஞ்ச கையில பெரிய வளையல் போட்ட மாதிரி சுத்துது. டியூப் மாத்தினன், காத்தடிச்சன், ஒரு பக்கம் பிதுங்கி வெளியால வருது, அரை மணித்தியாலம் வேர்த்து ஒழுகி, பிறகுதான் டோர்ச் அடிச்சு டயர்ற பக்கத்தில வாசிச்சன். கொண்டுவந்ததில 37-590 எண்டு கிடக்கு. கழட்டின பழசில 50-559.

ரெண்டாவது இலக்கம்தான் டயர் உக்காருற இடத்தின்ட விட்டம், மில்லிமீற்றர்ல. 26×1⅜ எண்டு லேடீஸ் சைக்கிளுக்கு வாறது 590. மவுண்டன் பைக்கின்ட 26×1.95, 26×2.1 எல்லாம் 559. ரெண்டுக்கும் பேர் 26, நடுவில 31 மில்லிமீற்றர் வித்தியாசம். இதில இன்னொரு கூத்து, இப்ப வாற 27.5 எண்டது 584, 29 எண்டது 622, அப்பாவின்ட ரலியில இருக்கிற 28×1½ எண்டது 635. அப்ப 28 றிம் 29 றிம்மை விடப் பெரிசு. இதை மகளுக்குச் சொன்னன், கணக்குப் பாடம் படிக்கிற பிள்ளை, "அப்பா வெயிலுக்க நிண்டீங்களா" எண்டு கேக்கிறா.

கடைக்குப் போகேக்க பழைய டயரைக் கையோட கொண்டு போங்கோ. இல்லாட்டி அந்த இலக்கத்தை போனில படம் எடுத்துக்கொண்டு போங்கோ. டயரைத் திருப்பி எடுக்கமாட்டன் எண்டிட்டான், அது இப்ப மனுசியின்ட சைக்கிள்ல ஓடுது.

2024 யூன் 17

நேற்று ஞாயிறு, தம்பியோட கிண்ணியாவுக்குப் போய் ஒரு செக்கண்ட் ஹாண்ட் பாத்தம். பஸ்ஸில போனது, திரும்பி வாறதுக்கு சைக்கிள் இருக்கும் எண்ட நம்பிக்கையில. முந்தி பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை) ஏறிக் கடக்கிற ஊர், 2009இல பாலம் திறந்த பிறகுதான் இப்பிடி ஒரு மத்தியானத்தில போய் வரலாம் எண்டு ஆச்சு.

வித்த நானா நல்ல மனுசன், தேத்தண்ணி தந்து போட்டுத்தான் சைக்கிளையே காட்டினார். இரும்பு பிறேம், ஷொக் ஒண்டும் இல்ல, வி பிறேக், 26 (559, வாசிச்சுப் பாத்தாச்சு). நான் செய்தது என்னெண்டா, முதல்ல தலைகீழா வச்சு ரெண்டு சில்லையும் சுத்திவிட்டு பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் நடுவில பாத்தன், முன் சில்லு நேர், பின் சில்லு கொஞ்சம் ஆடுது, கம்பி இறுக்கினாச் சரி. காண்டில் கழுத்தடியில, பெடல் அச்சடியில பெயின்ற் வெடிச்சிருக்கா எண்டு நகத்தால சுரண்டிப் பாத்தன், புதுசாப் பெயின்ற் அடிச்ச சைக்கிளெண்டா அந்த இடத்தில கூடுதலாச் சந்தேகப்படவேணும். பெடல் தண்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினன், ஆட்டமில்ல. பிறகு சட்டைப் பையிக்க இருந்த இரும்பு அடிமட்டத்தை எடுத்தன், நானா சிரிக்கிறார்.

செயினில ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம், அப்ப 24 ஊசி தள்ளி அளந்தா சரியா 12 அங்குலம் வரவேணும். 12ஐத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தா செயின் மாத்துற காலம். 1/8 போயிருந்தா செயின் பின்னுக்கு இருக்கிற பல்லுகளையும் தின்னிருக்கும், புதுச் செயின் போட்டாலும் வழுக்கும், ரெண்டையும் சேத்து மாத்தவேணும். இது 1/8க்கும் கூட. அதைக் காட்டித்தான் 38,000ஐ 33,500க்கு இறக்கினம். போட் செயினுக்குப் பழகின கை, வீண் போகேல்ல.

அடியில பிறேம் நம்பர் அடிச்சிருக்கும், அதையும் விலையையும் திகதியையும் ஒரு தாளில எழுதி நானாவின்ட கையெழுத்தும் அடையாள அட்டைக் கொப்பியும் வாங்கினம். அவர் முகம் சுளிக்கேல்ல. முகம் சுளிக்கிறவரிட்ட வாங்காதிங்கோ.

ஒரு பிரச்சினை, சீற் குழாய் அசையுதில்ல. அதை வீட்ட பாப்பம் எண்டு தம்பி சீற் பதிஞ்சபடியே உழக்கிக்கொண்டு போக நான் பஸ்ஸில வந்தன். சீனன்குடாவடியில பஸ் யன்னலால பாக்கிறன், முழங்கால் நாடியில முட்ட முட்ட வாறார்.

2024 யூன் 20

சீற் குழாய் வந்திட்டுது!! பிறேம் இரும்பு, குழாய் அலுமினியம், நடுவில உப்பு ஈரம், ரெண்டும் பொருக்குக் கட்டி ஒண்டாயிடும், போட்டில ஆணியும் அலுமினியமும் சேர்ற இடத்தில இதே வியாதிதான். தம்பி கூட்டாளி ஆரோ சொல்லி நெருப்புக் காட்டப் போனார், நல்ல காலம் போன் எடுத்தார். சூடு காட்டினா இரும்பை விட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். ரெண்டு இரவு எண்ணெய் ஊறவிட்டம், பிறகு சீற்றைக் கழட்டிப்போட்டு மீன் பெட்டியில இருந்து ஐசை நொறுக்கி குழாய்க்குள்ள அடைச்சம், பத்து நிமிசம், பைப் ரெஞ்சால ஒரு முறுக்கு, "கிறீச்" எண்டு ஒரு சத்தம், பக்கத்து வீட்டு நாய் எழும்பி ஓடிட்டுது. உள்ள வெள்ளை மா மாதிரிப் பொருக்கு. துடைச்சு கிறீஸ் பூசித் திருப்பிப் போட்டாச்சு. இனி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கழட்டிப் பூசவேணும் எண்டு சொல்லிவிட்டன், செய்வாரோ தெரியாது.

2024 யூலை 9

இப்ப வைக்கிற கதை. எல்லாரும் பிரேக், கியர் எண்டு கதைக்கிறாங்கள், இஞ்ச சைக்கிளைக் கொல்லுறது அது நிக்கிற இடம். என்ட சைக்கிளை வீட்டுக்குள்ள ஸ்டோர் ரூமில, யன்னல் பூட்டி வச்சிருக்கிறன், ரெண்டு கிழமை தொடேல்ல, நேற்றுப் பாத்தா செயின் செம்மஞ்சள் நிறம். உள்ள வச்சே இப்பிடி. கடல்காத்துத்தான் வேற என்ன, சுவரையும் தாண்டி வருது. 200 மீற்றர்ல வெளியில வைக்கிற கதையை மறந்திடுங்கோ.

2024 யூலை 11

மட்டக்களப்பு அண்ணை ஒருத்தர் கேட்டிருக்கிறார், "கச்சான் காலத்திலயோ கறள் பிடிச்சது" எண்டு. (இந்தியாவில இருந்து வாசிக்கிறவைக்கு: இஞ்ச கச்சான் எண்டா கடலையும்தான், ஆனி ஆடியில தரையால அடிக்கிற காஞ்ச காத்தும்தான். அண்ணை கேக்கிறது காத்தை.)

நியாயமான கேள்வி. கச்சான் தரைக்காத்து, உடுப்பு அரை மணியில காயும், உதடு வெடிக்கும், பின்னேரம் கன்னியாப் பக்கம் உழக்கினா முகத்தில மண் அள்ளி எறியிற மாதிரி இருக்கும். உப்பும் ஈரமும் கொண்டுவாறது வாடை, அது மாரிக்குத்தான். அப்ப ஏன் யூலையில கறள்? யோசிக்கிறன்.

2024 யூலை 13

இன்னும் விளங்கேல்ல. அப்பாவின்ட ரலி வெளி விறாந்தையில சும்மா நிக்குது, அதில புதுக் கறள் ஒண்டும் இல்ல. உள்ள இருக்கிறது கறள், வெளியில இருக்கிறது சுத்தம்.

2024 ஓகஸ்ட் 4

கண்டுபிடிச்சிட்டன். யூலை 9 எழுதினதைக் கிழிச்சு எறியுங்கோ.

ஆணி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனன். ஆணிப் பெட்டி முழுக்கக் கறள், கத்தரிக்கோல் கறள், போன மாசம் வாங்கின புதுச் சாவிக் கொத்துக்கூடச் சிவப்பு. மூக்கில ஒரு எரிவு. கீழ் ராக்கையில பாத்தா பாத்ரூம் கழுவுற அசிட் போத்தல், மூடி அரைவாசிதான் பூட்டிக் கிடக்கு. அதில இருந்து வாற ஆவி கண்ணுக்குத் தெரியாது, அறைக்குள்ள இருக்கிற இரும்பு முழுக்கப் போய் ஒட்டும், பூட்டின அறையெண்டா கேக்கவே தேவையில்ல. ரெண்டு கிழமையில ரெண்டு வருசக் கறள். நான் அங்க பாவம் கடலை ஏசிக்கொண்டிருந்திருக்கிறன்.

போத்தலை வெளியில மாமரத்தடிக்கு அனுப்பியாச்சு. ஆர் மூடியைச் சரியாப் பூட்டேல்ல எண்ட விசாரணை வீட்டில நடந்தது, முடிவில அது நான்தான் எண்டு தீர்ப்பு.

2024 ஓகஸ்ட் 5

தம்பியின்ட படங்குக் கதைக்குப் பதில் சொல்லாம விட்டுட்டன். படங்கு மூடினா மழை படாது, மெய்தான். ஆனா நிலத்தில இருந்து வாற ஈரம் உள்ள போய் மாட்டுப்படும். விடிய எழும்பி படங்கைத் தூக்கி உள்பக்கத்தைக் கையால தடவிப் பாருங்கோ, இட்டலிச் சட்டி மூடி மாதிரி முத்து முத்தா நிக்கும். பிறகு பகல் வெயிலுக்கு அதே தண்ணி உள்ளுக்கே ஆவியாகும். வெயிலும் மழையும் நேர படாத ஒரு கூரை, காத்தோட்டம், நிலத்தில தொடாம இருக்கிறது, இந்த மூண்டும் கிடைச்சா மூடவே தேவையில்ல. தூசிக்கு ஒரு பழைய பருத்திச் சீலை காணும்.

வீட்டுக்காரர் சுவரில துளை போட விடமாட்டாராம். விறாந்தை வளையில (கூரை தாங்கிற மரத்தில) தொங்கவிடுங்கோ. கிணத்துக் கப்பி ரெண்டு, கயிறு ரெண்டு. ஒரு கயிறு காண்டிலுக்கு, ஒண்டு சீற்றுக்கு, இழுத்துத் தலைக்கு மேல ஏத்தி தூணில கட்டினாச் சரி. கீழ கதிரை போட்டு இருக்கலாம்.

2024 ஓகஸ்ட் 19

தம்பி கட்டின கயிறு விட்டிட்டுதாம். புது நைலோன் கயிறு, வழுவழுப்பு, முடிச்சு வழுகியிருக்கு, சைக்கிள் கூட்டாளியின்ட மோட்டச்சைக்கிள் டாங்கியில. கீழ கதிரை போட்டு இருக்கலாம் எண்டு நான் எழுதினதை ஆரும் செய்யாதிங்கோ. கயிறு தூக்குறதுக்கு மட்டும், மேல போனவுடன தடிச்ச இரும்புக் கொழுக்கியில கொழுவி விடுங்கோ. நைலோனெண்டா எங்கட கடற்தொழில் ஆக்களிட்ட முடிச்சுக் கேட்டுப் பழகுங்கோ, பள்ளிக்கூட முடிச்சு நிக்காது.

2024 செப்டெம்பர் 15

டிஸ்க் பிறேக் வேணாம் எண்டு நான் சொன்னதுக்குக் காரணம் கேட்டிருந்தா ஒரு அக்கா. காரணம் என்ட முழங்கால்ல இருக்கு.

போன வருசம், அந்த 18 கிலோக்காரன்ட டிஸ்க் தட்டில லேசாக் கறள் கண்டன். போட்டுக்காரன் புத்தி, கறளெண்டா எண்ணெய். நல்லா ஸ்பிரே அடிச்சன், துணியால துடைச்சன், மினுமினு எண்டு கிடக்கு. அடுத்த நாள் விடிய கோயிலுக்குப் போய்க் கும்பிட்டிட்டு இறங்குறன், முன் பிறேக்கை அமத்துறன், ஒண்டும் இல்ல, பின் பிறேக்கையும் சேத்து அமத்துறன், கப்பல் ஊதுற மாதிரி ஒரு சத்தம், வேகம் குறையுதில்ல. ரோட்டு நடுவில மூண்டு மான் படுத்திருக்கு, கோட்டை மான்களுக்கு மனுசரைக் கண்டா எழும்புற பழக்கமே இல்ல. நான் மதிலோரம் மண்ணுக்க விட்டன். மான் தலையை மட்டும் திருப்பிப் பாத்தது.

டிஸ்க் தட்டில எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டா தட்டை ஸ்பிரிட்டால துடைக்கலாம், பிறேக் கட்டை எண்ணெய் குடிச்சிடும், மாத்திறதுதான் வழி. தட்டில லேசாப் பிடிக்கிற கறள் நாலு தரம் பிறேக் பிடிக்கத் தானாப் போயிடும், அதைத் தொடவே தேவையில்லாம இருந்திருக்கு.

அக்கா, டிஸ்க் கூடாத சாமான் இல்ல, மழைக்கும் சேத்துக்கும் நல்லாப் பிடிக்கும். எண்ணெய் தடவமாட்டன் எண்டு உங்களுக்கு நம்பிக்கை இருந்தா வாங்கலாம். எனக்கு எண்ணெய்ப் போத்தல் கைக்கு எட்டுற தூரத்தில இருக்கிற வரைக்கும் வி பிறேக்.

2024 செப்டெம்பர் 15, கொஞ்சம் பிறகு

எண்ணெய் எண்டவுடன நாலு பேர் கேட்டாச்சு, செயினுக்கு என்ன போடுறது. டபிள்யூடி 40 தண்ணியை விரட்டுறதுக்குச் செய்த சாமான், பேரின்ட அர்த்தமே அதுதான், தண்ணி விரட்ட 40ஆவது தரம் செய்து பாத்ததாம். நனைஞ்ச செயினுக்கு முதல்ல அதை அடிக்கலாம், ஆனா அதோட விட்டா நிக்காது. துடைச்சுப்போட்டு தையல் மெசின் எண்ணெயை விட கொஞ்சம் தடிப்பான எண்ணெய் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சொட்டு, சுத்தி விட்டு, வெளியில இருக்கிறதை முழுக்கத் துடைச்சு எடுங்கோ. வெளியில மினுங்கினா உப்புவெளி மணல் முழுக்க அதில வந்து ஒட்டும், பிறகு செயின் அரம் மாதிரி வேலை செய்யும். எரிஞ்ச எஞ்சின் ஒயில் ஊத்துறது அப்பா காலத்துப் பழக்கம், அந்தக் காலத்துச் செயினுக்குச் செயின் கவர் இருந்தது, இப்ப இல்ல. தேங்காய் எண்ணெய் வேணாம், அது தலைக்கும் கறிக்கும்.

கடற்கரை ஈர மணல்ல ஓடுறது வடிவுதான், போட்டோவுக்கு நல்லம். அண்டைக்கே வாளித் தண்ணியால கழுவுறதெண்டா ஓடுங்கோ. போட் எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்தவுடன நல்ல தண்ணி விட்டுக் கழுவிற மாதிரித்தான். ஆனா சேர்விஸ் பண்ணுற இடத்துக் குழாயால ஹப்புக்கு நேர அடிக்கக் கூடாது, உள்ள கிறீஸ் வெளியில வந்து தண்ணி உள்ள போயிடும். காஞ்ச மணல்ல போகேலாட்டி காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ, 40 பிஎஸ்ஐ இருந்தா 25க்கு, திரும்பித் தார் ரோட்டுக்கு வந்து திருப்பி அடிக்க பம் கையில இருக்கவேணும்.

2024 ஒக்டோபர் 6

கோட்டைக்குள்ள சைக்கிளை மரத்தில சாத்திப்போட்டு கோயிலுக்குப் போய் வாறன், மான் ஒண்டு காண்டில் பிடியை நக்கிக்கொண்டு நிக்குது. வேர்வை உப்பு. நான் கிட்டப் போகப் போகப் பல்லால இழுக்குது. வலது பக்கப் பிடியின்ட நுனி மூடி போச்சு, இப்ப காண்டில் குழாய் வாய் திறந்து கிடக்கு. பார்ட்ஸ் கடையில தனி மூடி இல்லையாம், சோடியாப் பிடி வாங்கட்டாம். பாப்பம்.

ஆருக்காவது கேக்கத் தோணும், நீ எந்தச் சைக்கிள்ல போனாய் எண்டு. அந்த 18 கிலோவை ஓகஸ்ட்ல 30,000க்கு வித்திட்டன், 55,000 நட்டம். குறையெல்லாம் சொல்லித்தான் வித்தனான், வாங்கின பொடியனுக்கு அந்தச் சிவப்பும் கறுப்பும்தான் வேணும். இப்ப கொழும்பில இருந்து ரெயிலில பார்சல் போட்டு எடுத்த பழைய ஷொக் இல்லாத ஒண்டு. ரெயிலில அனுப்பிறதெண்டா பெடலைக் கழட்டி, காண்டிலைத் திருப்பி, பின் கியர் கையில (செயினைத் தள்ளுற பாகம்) மட்டை சுத்திக் கட்டச் சொல்லுங்கோ, எனக்கு அந்தக் கைதான் வளைஞ்சு வந்தது. பெடல் கழட்டேக்க இடது பெடல் மரை மற்றப் பக்கம், சொல்லாட்டி பொடியள் உடைச்சிடுவாங்கள்.

2024 நவம்பர் 30

கரண்ட் இண்டைக்குத்தான் வந்தது. 27ஆம் திகதி அளவில தாழமுக்கம் கரையோரமாப் போகேக்க எங்கட ஒழுங்கையில முழங்கால் தண்ணி, வீட்டுக்குள்ள ஒரு அடி. வோஷிங் மெசின் போச்சு, மெத்தை போச்சு. வளையில கொழுக்கியில தொங்கின சைக்கிள் மட்டும் மேல நிண்டு வேடிக்கை பாத்துது. அப்பாவின்ட ரலி தண்ணிக்குள்ள நிண்டது, ஹப் ரெண்டும் பெடல் அச்சும் கழட்டவேணும், குண்டுகளை மண்ணெண்ணெயில போட்டு வச்சிருக்கிறன்.

தம்பியும் சுகம், சைக்கிளும் சுகமாம். சீற் குழாய்க்குக் கிறீஸ் பூசினீங்களா எண்டு கேட்டன், "மழை விடட்டும் அண்ணை" எண்டார். நினைச்சனான்.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு மாமி வந்து நிக்கிறா. வெயில் எறிச்சுது எண்டு சைக்கிளை இறக்கினன், ரெண்டு கிழமை தொடாததுக்கு செயினில கறள் இல்ல, டயரில காத்து மட்டும் குறைஞ்சிருந்தது. உழக்கப் போறன், வலது காண்டில் நுனியில மண் மாதிரி என்னவோ அடைச்சிருக்கு. மான் கடிச்ச அந்த ஓட்டைக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு, வாய் முழுக்கப் பூசி வடிவா முடிச்சிருக்கு. ஸ்குரூ டிறைவர் எடுக்கப் போனன், மாமி விட்டாத்தானே. குளவிக்கூடு உடைக்கக் கூடாதாம், வீட்டில பிள்ளை பிறக்குமாம். "மாமி, எனக்கு 46 வயசு" எண்டன். "உனக்கெண்டு ஆர் சொன்னது, பெரியவள் கலியாணம் முடிச்சு எட்டு மாசம்" எண்டா.

சைக்கிள் திரும்பி வளைக்குப் போயிட்டுது. குளவிக் குஞ்சு பறக்க எத்தினை நாள் செல்லும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. அதுவரைக்கும் ரலிதான்.